உயிரோடிருப்பவர்கள் பக்கம்

என் மாமனாரை உயிரோடு சாகடித்தவள் நான் என்று எங்கள் தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் ஒரு பேச்சு உண்டு. தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றாலும் சொல்வார்கள், ரயிலில் எதிர் சீட்டில் வந்து உட்கார்ந்தாலும் சொல்வார்கள், சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆனால் தப்பு என்னுடையது இல்லை. தப்பு ஒரு சொல்லுடையது. அந்தச் சொல்லைப் பற்றிப் பேசாமல் நான் மற்றதைச் சொல்ல மாட்டேன்.

நான் பிறந்து வளர்ந்தது மாரிகுப்பத்தில், சபைக்குப் போகிற குடும்பத்தில். எங்கள் பக்கத்தில் யாருக்காவது காய்ச்சல் என்றால், பிள்ளைக்குப் பரீட்சை என்றால், வேலைக்கு இன்டர்வியூ என்றால், எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் "ஜெபத்துல நினைச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போவோம். அவர்களும் கட்டாயம் நினைச்சுக்கிறோம் என்பார்கள். நினைக்கிறார்களா இல்லையா என்பது அவர்களுக்கும் கர்த்தருக்கும் உள்ள விவகாரம். ஆனால் செத்தவர்களை யாரும் அப்படி நினைக்கச் சொல்வதில்லை. அவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், இனி அவர்களுக்காகக் கேட்க ஒன்றுமில்லை என்றுதான் எங்களுக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

வாழ்க்கைப்பட்டது கோரமண்டலில், பூசைக்குப் போகிற கத்தோலிக்க வீட்டில். ஒரே ரயில் பாதை, நடுவில் இரண்டே ஸ்டேஷன், ஆனால் பாஷையே வேறு. நான் ஆராதனை என்பேன், இவர்கள் பூசை என்பார்கள். நான் கர்த்தர் என்பேன், மாமா ஆண்டவர் என்பார். நான் இயேசு என்றால் வேண்டுமென்றே சேசு என்பார், அவருடைய அப்பா அப்படித்தான் சொல்வாராம். சாப்பாட்டுக்கு முன் யார் ஜெபம் செய்வது என்பதில் எனக்கும் அவருக்கும் தினம் போட்டி. நான் கண்ணை மூடிக்கொண்டு சொந்தமாக, நிறுத்தி நிதானமாகப் பேசுவேன். அவர் நெஞ்சில் சிலுவை போட்டு மடமடவென்று முடித்துவிட்டுச் சோற்றில் கையை வைத்துவிடுவார். நான் கண்ணைத் திறந்தால் அவர் ரசத்துக்கு வந்திருப்பார்.

மாமாவின் பெயர் சகாயம். சகாய மாதாவுக்கு வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளை. சுரங்கத்தில் அண்டர்கிரவுண்டில் துளை போடுகிற வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிறது, ஆனால் அவர் பேச்சில் அது மூடப்படவே இல்லை. நான் காலையில் பங்காருபேட்டை மருந்துக் கடைக்குக் கிளம்பினால், "ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் எறங்குது" என்று அறிவிப்பார். வினோலியா என்ற என் பெயரை முதல் முறை கேட்டபோது, அந்தக் காலத்தில் துரை பங்களாவில் அப்படி ஒரு சோப்பு இருந்தது என்றார். அன்றிலிருந்து நான் அந்த வீட்டில் சோப்புதான். முதலில் கோபம் வந்தது. பிறகு அவர் வினோலியா என்று கூப்பிட்டால்தான் ஏதோ சரியில்லை என்று பயப்பட ஆரம்பித்தேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பெங்களூரில் பார்த்தார்கள். இதயத்தில் ஒரு வால்வு பழுதாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லித் தேதியும் கொடுத்துவிட்டார்கள். அதுவரை படி ஏறக்கூடாது, கோயிலுக்குக்கூடப் போகக்கூடாது. மாமா முன்னறைக் கட்டிலில் படுத்தபடி, வந்தவர்களிடமெல்லாம், பழைய பம்புக்கு வாஷர் மாற்றுகிறார்கள், வேறொன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் தினமும் சாயங்காலம் நான் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குள் கால் வைத்ததும் ஒரே கேள்வி கேட்பார்.

"வர்ற வழியில யாரையாச்சும் பாத்தியா?"

அந்த யாராச்சும் யாரென்று எனக்குத் தெரியும். கோயிலை ஒட்டி, நான் வருகிற வழியிலேயே இருக்கிறது நாகேஷ் மாமாவின் வீடு. அவரும் மாமாவும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே மெஷினைப் பிடித்து, ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். ஒரு நாள் கீழே ஏர்பிளாஸ்ட் ஆனது. பாறை அழுத்தம் தாங்காமல் வெடிப்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். விளக்கு போய், முட்டுக் கொடுத்திருந்த மரமெல்லாம் சரிந்து, தூசியில் ஒன்றும் தெரியவில்லையாம். ஆள் தேடி வந்தவர்கள் இவர்கள் இருவரையும் ஆளை ஏற்றி இறக்குகிற கேஜுக்குப் பக்கத்தில் கண்டெடுத்தார்கள். ஒருவர் கை ஒருவர் கழுத்தில் இருந்தது, இருவருக்கும் நினைவில்லை. நடக்க முடியாத ஒருவரை இன்னொருவர் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார் என்பது நிச்சயம். யார் யாரை என்பதுதான் நிச்சயமில்லை.

நான்தான் அவனைத் தூக்கினேன் என்று மாமா சொல்வார். நான்தான் அவனைத் தூக்கினேன் என்று நாகேஷ் மாமா சொல்வார். பல வருஷம் அது டீக்கடைத் தமாஷாகத்தான் இருந்தது. நாகேஷ் மாமாவின் மகள் ஷோபா கல்யாணத்தில் அது தமாஷாக இல்லாமல் போயிற்று. பந்தியில் உட்கார்ந்துகொண்டு, சம்பந்தி வீட்டார் காதில் விழ, நான் அன்றைக்கு இவனைத் தூக்கிக்கொண்டு வராவிட்டால் இன்றைக்கு இந்தக் கல்யாணமே இல்லை என்று மாமா சொல்லிவிட்டார். நாகேஷ் மாமாவுக்கு மூஞ்சி செத்துவிட்டது. நான் உன்னைத் தூக்காவிட்டால் இந்த இலையில் உட்கார நீ ஏது என்று அவரும் திருப்பிக் கொடுத்தார். மாமா சோற்றில் வைத்த கையை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார். பெண் கல்யாணத்தில் இலையை விட்டு எழுந்து போனவரை யார் மன்னிப்பார்கள்? அன்றோடு பேச்சு நின்றது. தெருவில் எதிரெதிரே வந்தால் இருவருக்கும் திடீரென்று ஆகாயத்தில் ஏதோ பார்க்க வேண்டியிருக்கும்.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம், நான் மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போது மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வினோலியா. நான் கீழ எறங்கி மேல வராம போயிட்டா, அவன் சாவு வீட்டுக்காவது வருவானா?"

சோப்பு என்று கூப்பிடவில்லை. ஏன் இப்படிப் பேசுகிறீர்கள் என்று கத்திவிட்டு, சமையலறைக்குள் போய் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக நாகேஷ் மாமா வீட்டுக்குப் போனேன்.

அவர் கோழிக்கு அரிசி நொய் போட்டுக்கொண்டிருந்தார். ஆபரேஷன் என்றதும் கை அப்படியே நின்றது. எந்த ஆஸ்பத்திரி, யார் டாக்டர், ரத்தம் யார் கொடுக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டார். சரி, மனிதர் இளகிவிட்டார் என்று நினைத்து, ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போங்கள் மாமா என்றேன். உடனே நொய்யை மொத்தமாகக் கொட்டிவிட்டு நிமிர்ந்தார். நீதான் என்னைத் தூக்கினாய் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லட்டும், வருகிறேன் என்றார். இருவரும் மயங்கிக் கிடந்தீர்கள், யார் தூக்கினால் இப்போது என்ன குடி முழுகிப்போகிறது என்று நான் கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். உனக்கு அது புரியாது பாப்பா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர் மனைவி தாயம்மா அத்தை கேட்வரை வந்து ஒரு பையில் முட்டை கொடுத்தார்கள். நாங்கள் கொடுத்தோம் என்று சொல்லாதே என்றார்கள். அன்றைக்கு ராத்திரி மாமா முட்டையைச் சாப்பிட்டுவிட்டு, எங்கே வாங்கினாய் என்று கேட்டார். கடையில் என்றேன். கடை முட்டை இவ்வளவு சின்னதாக இருக்காதே என்றார். என் முகத்தைப் பார்க்காமலே, இன்னொன்று இருந்தால் போடு என்றார்.

மனிதர்களிடம் கேட்டது பலிக்கவில்லை. சரி, மேலே கேட்போம் என்று, சனிக்கிழமை ரயிலில் வரும்போது எங்கள் கோயிலில் பூசைக்குப் பெயர் எழுதிக்கொள்கிற உபதேசியார் ஜோஸண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் பங்காருபேட்டையிலிருந்து அப்போதுதான் மாற்றலாகி வந்தவர், யார் எந்த வீடு என்று இன்னும் சரியாகத் தெரியாது. ரயில் சத்தத்தில் கத்தினேன்.

"ஜோஸண்ணே, நாளைக்குப் பூசையில எங்க மாமா சகாயத்தை நினைச்சுக்குங்க."

"நினைவுக்காம்மா?"

"ஆமாண்ணே, நினைவுக்குத்தான்."

குடும்பத்தின் பெயர் கேட்டார். வினோலியா, டென்சில் என்றேன். டென்சில் என் கணவர். ஜோஸண்ணன் குரல் தணிந்துவிட்டது. மனசைத் தளர விடாதேம்மா, ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்றார். எவ்வளவு நல்ல மனுஷர் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கேதான் அந்தச் சொல். எங்கள் சபையில் நினைப்பது என்றால் உயிரோடு இருப்பவர்களை. இவர்கள் கோயிலில் நினைவு என்றால் செத்தவர்களுக்கு வைக்கிற நினைவுப் பூசை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதை எனக்கு ஒருத்தராவது சொல்லியிருக்க வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை டென்சில் கறி வாங்கப் போயிருந்தார். நான் மட்டும் கோயிலுக்குப் போனேன். பூசையில் ஃபாதர் முதலில் உயிரோடிருப்பவர்களின் பெயர்களைப் படிப்பார். பிறந்தநாள், கல்யாண நாள், வேலை கிடைத்ததற்கு நன்றி என்று வரிசையாக வரும். மாமா பெயருக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை. இந்த ஜோஸண்ணன் மறந்துவிட்டாரே என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. பிறகு ஃபாதர் ஒரு பக்கத்தைத் திருப்பினார், குரலைத் தாழ்த்தினார். அவருக்குத் தாய்மொழி கன்னடம், அதனால் தமிழை ஒவ்வொரு எழுத்தாக, ரொம்பத் தெளிவாகப் படிப்பார்.

"மரித்த சகாயம். வேண்டுவோர், வினோலியா, டென்சில் குடும்பத்தார்."

கோயில் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. பின்னால் இருந்த குணசுந்தரி அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு, எப்போம்மா, சொல்லவே இல்லையே என்று விம்ம ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அப்போதுதான் வேறொன்று ஞாபகம் வந்தது. கோயில் சுவரில் ஸ்பீக்கர் இருக்கிறது. பூசை மொத்தமும் பழைய சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகள்வரை கேட்கும். கோயிலுக்கு வர முடியாததிலிருந்து மாமா கட்டிலில் படுத்தபடி அதில்தான் பூசை கேட்டுக்கொண்டிருந்தார். நெஞ்சு பலவீனமான மனிதர் தன் சாவைத் தானே ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

எனக்கு முன்னால் இன்னொருவர் டேய் சகாயம், டேய் சகாயம் என்று கத்திக்கொண்டே ஓடிக்கொண்டிருந்தார். பனியன், மடித்துக் கட்டிய லுங்கி, செருப்பு இல்லை, கையில் ஒரு மாலை. நாகேஷ் மாமா. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாலைக்கு எங்கே போவார்? வீட்டில் முருகன் படத்தில் போட்டிருந்ததைக் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறார். கூப்பிட்டேன். அவர் காதில் விழவில்லை. எழுபது தாண்டிய கால்களுக்கு அன்றைக்கு எங்கிருந்து பலம் வந்ததோ, எனக்கு முன்னால் வீட்டுக்குள் நுழைந்துவிட்டார்.

நான் வாசலுக்கு வந்து பார்த்தேன். கட்டிலில் மாமா தலையிலிருந்து கால்வரை போர்வை போர்த்திக் கிடந்தார். ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து பகலில் தூங்குகிறவர்கள் வெளிச்சம் படாமல் முகத்தை மூடிக்கொள்வார்கள், அவருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. ஆனால் பூசை நேரத்தில் அவர் தூங்க மாட்டார். கேட்ட அதிர்ச்சியில் நிஜமாகவே போய்விட்டார் என்றே நினைத்தேன். நாகேஷ் மாமா மாலையைப் பிடித்தபடி அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது போர்வைக்குள் வலது கால் கட்டைவிரல் ஆடியது. சீட்டாட்டத்தில் நல்ல சீட்டு வந்து, முகத்தில் காட்டாமல் இருக்கும்போது மாமாவுக்கு அந்த விரல் ஆடும். எனக்கு உயிர் வந்தது. வாசலில் நாகேஷ் மாமாவின் குரல் கேட்டதும் இழுத்துப் போர்த்திக்கொண்டிருக்கிறார், அந்தத் திருட்டு மனுஷர். சாவு வீட்டுக்கு வருவானா என்று கேட்டவருக்கு வந்தே காட்டிவிட்டார் இவர். நான் வாயைத் திறப்பதற்குள் நாகேஷ் மாமா பேச ஆரம்பித்துவிட்டார்.

"இனிமே நீ எழுந்து பதில் சொல்ல மாட்டே, அதனால சொல்றேன். நீதான்டா தூக்கினே. என் கால் மரத்துப்போச்சு. உன் மூச்சு என் கழுத்துல பட்டுகினே இருந்துச்சு. சகாய மாதாவே, சகாய மாதாவேன்னு கத்திகினே என்னை இழுத்தே. எனக்கு எல்லாம் ஞாபகம் கீது. ஊருல பேருக்கு ஆசைப்பட்டு மாத்திச் சொல்லிகினு இருந்தேன். உன்னைச் சோத்துல இருந்து எழுப்பிட்டேன்."

கட்டைவிரல் நின்றுவிட்டது. போர்வை லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறார் என்று முதலில் நினைத்தேன், இல்லை.

"பொய்" என்றது போர்வை.

நாகேஷ் மாமா மாலையைக் கீழே போட்டுவிட்டார். போர்வை மெல்ல இறங்கியது. மாமாவின் முகம் முழுக்க ஈரம்.

"மாதாவைக் கூப்பிட்டது நீடா. எனக்கு வாயே வரல. இவன் உன் பேர் வெச்சவன், இவனை எடுத்துக்காதேன்னு எனக்காக நீ கெஞ்சினே. நீ கும்பிடுற சாமியை விட்டுட்டு என் சாமியைக் கூப்பிட்டே. நான் அதைக் கேட்டுகினேதான் வந்தேன். வெளியில மாத்திச் சொன்னவன் நான்."

நாகேஷ் மாமா கீழே கிடந்த மாலையை எடுத்து மாமா முகத்தில் விட்டெறிந்தார். பிறகு எழுந்து, அதே மாலையை அவர் கழுத்தில் போட்டு, கட்டிலில் உட்கார்ந்து, அவர் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டு அழுதார். நெஞ்சு, நெஞ்சு, ஜாக்கிரதை என்று நான் கத்திக்கொண்டே நானும் அழுதேன்.

அழுது முடித்ததும் சண்டை ஆரம்பித்தது. நீதான் தூக்கினாய் என்று ஒருவர். இல்லை, நீதான் என்று இன்னொருவர். முன்பு போட்ட அதே சண்டை, தலைகீழாக. பின்னாலேயே ஓடி வந்த தாயம்மா அத்தை, செத்தவர் மாலையோடு உட்கார்ந்து கை நீட்டிப் பேசுவதைப் பார்த்துக் கதவைப் பிடித்துக்கொண்டார்கள். முருகன் படம் மொட்டையாக நிற்கிறதென்று அப்புறம் புருஷனைத் திட்டினார்கள். பூசை முடிந்து லைன் மொத்தமும் துக்கம் கேட்க வந்துவிட்டது. டென்சில் கறிப் பையோடு வந்து, வாசலில் கூட்டத்தைப் பார்த்துப் பையைக் கை நழுவ விட்டுவிட்டார், நாய் தூக்கிக்கொண்டு போயிற்று. ஜோஸண்ணன் கடைசியாக, முகம் வெளுத்து வந்தார். மாமா அவரை உட்கார வைத்து, உபதேசியாரே, என் சாவுக்கு வந்தவர் காபி சாப்பிடாமல் போகக்கூடாது என்றார்.

ஆபரேஷனுக்கு நாகேஷ் மாமா கூடவே வந்தார். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது, "கேஜ் எறங்குது, ஒழுங்கா மேல வந்து சேரு" என்றார். மாமா மேலே வந்து சேர்ந்தார். அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல், தினமும் சாயங்காலம் இருவரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, நீதான், நீதான் என்று வாதாடுவார்கள். பழைய சண்டையே தேவலை என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். ஜோஸண்ணனுக்கு மட்டும் அந்த அடி மறக்கவே இல்லை. யார் எதற்குப் போன் செய்தாலும் முதல் கேள்வி, உயிரோடவா, இறந்தவரா என்பதுதான். பிள்ளை பரீட்சைக்கு வேண்டிக்கொள்ளப் போனவளிடமும் அதைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இந்த வருஷம் தவக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு நாள் காலையில் நான் காபி கொண்டுபோனேன். மாமா முகத்தை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினேன். பிறகு கட்டைவிரலைப் பார்த்தேன். காபி ஆறி ஆடை படியும்வரை அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாகேஷ் மாமா வந்தார். போர்வையை எடுத்து முகத்தைப் பார்த்தார், மறுபடியும் மூடினார். போதும்டா, எழுந்திரு என்று ஒரே ஒரு தரம் சொன்னார். அவர் அப்படிச் சொன்னதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு டென்சில் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். மரித்தவர்கள் பக்கத்தில்தான். இந்தத் தடவை சரியாகவே படித்தார்கள், எனக்குத்தான் கேட்கப் பிடிக்கவில்லை. அடுத்த வாரம் ஜோஸண்ணன் எனக்குப் போன் போட்டார்.

"வினோலியாம்மா, கொஞ்சம் கோயிலுக்கு வா. நாகேஷண்ணன் வந்து சகாயண்ணன் பேருக்குப் பூசை கேக்கறாரு. உயிரோடவா, இறந்தவரான்னு வழக்கம்போல வாய் தவறிக் கேட்டுட்டேன். உயிரோடன்னு சொல்றாரு. எனக்குப் பயமா கீது."

போனேன். நாகேஷ் மாமா கோயில் ஆபீஸ் பெஞ்சில், துண்டை மடியில் மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பது நாளில் மனிதர் பாதியாகிவிட்டார். மாமா போயிட்டார் மாமா, நாமதானே மண்ணு போட்டோம் என்றேன். எனக்கு ஞாபக மறதி எல்லாம் ஒன்றுமில்லை பாப்பா என்றார். அவர் கேட்டது தெளிவாகத்தான் இருந்தது. செத்தவங்க பக்கத்துல அவனை ஒரு தடவை படிச்சாச்சு, உயிரோட இருக்கும்போதே படிச்சுட்டீங்க, அது போதும், இனிமேல் இந்தப் பக்கம் படிங்க என்றார்.

போன வாரம்கூடப் படித்தார்களே என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அப்படியெல்லாம் வழக்கம் இல்லையே அண்ணே என்று ஜோஸண்ணன் கையைப் பிசைந்தார். எனக்கும் உள்ளே என் பழைய பாடம் முரண்டு பிடித்தது. செத்தவர்களுக்காகக் கேட்க ஒன்றுமில்லை என்று படித்தவள் நான், அவர்களை உயிரோடிருப்பவர்களோடு சேர்க்கச் சொன்னால் என்ன சொல்வேன்? சத்தம் கேட்டு ஃபாதர் உள்ளேயிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஏன் அப்படிக் கேட்கிறீர்கள் ஐயா என்று நாகேஷ் மாமாவைக் கேட்டார்.

"அன்னைக்கும் செத்துட்டான்னு நெனச்சுத்தான் சாமி பேசினேன். கேட்டுகினுதான் கெடந்தான். இப்பவும் கேட்டுகினுதான் கீறான்னு எனக்குத் தோணுது."

ஃபாதர் ஜோஸண்ணன் கையிலிருந்த பேனாவை வாங்கி, தானே எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எனக்கு ஒரு நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் சபைக்கும் இவர்கள் கோயிலுக்கும் ஆயிரம் சொல் வேறு வேறு. ஆனால் அப்பத்தைக் கையில் எடுக்கிற இடத்தில் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே சொல்தான், இதை என் நினைவாகச் செய்யுங்கள் என்று இயேசு சொன்ன அந்த நினைவு. அங்கே யாரை நினைக்கச் சொல்கிறார்கள், செத்தவரையா, உயிரோடு இருப்பவரையா? இத்தனை வருஷம் இரண்டு இடத்திலும் மண்டியிட்டிருக்கிறேன், இதை ஒரு தடவைகூட யோசித்ததில்லை. நாகேஷ் மாமா கேட்டதில் பெரிய தப்பு ஒன்றுமில்லை என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

ஃபாதர் உயிரோடிருப்பவர்களின் பெயர்களைப் படிக்க ஆரம்பித்தார். ஒரு பிறந்தநாள். ஒரு கல்யாண நாள். ஆஷ்லிக்கு வேலை கிடைத்ததற்கு நன்றி. பக்கத்தைத் திருப்பவில்லை, குரலைத் தாழ்த்தவில்லை. அதே தெளிவான தமிழில் அடுத்த பெயரைப் படித்தார்.

"சகாயம் அவர்களுக்காக நன்றி. வேண்டுவோர், நாகேஷ், தாயம்மா குடும்பத்தார்."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் சபையில் சொல்வதுபோல நான் சத்தமாக ஆமென் என்றேன். அந்த இடத்தில் இவர்கள் சொல்வதில்லை. அதனால் என்ன, நான் சொல்லத்தான் செய்தேன்.

பூசை முடிந்து வெளியே வந்தேன். நாகேஷ் மாமா படிக்குக் கீழே, ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தார். என்னைக் கண்டதும் கிட்டே வந்தார். அவர் முகத்தில் ஒரு கவலை.

"உள்ள நின்னதால எனக்குத் தெரியல பாப்பா. ஸ்பீக்கர்ல உங்க வீடு வரைக்கும் கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்கும் மாமா" என்றேன்.